பைத்தானில் இஃப், வைல் எல்லாம் பார்த்தால் புரிகிறது, நானே எழுதினால் வாழைக்குலை விலை மைனஸில் போகிறது

ஏத்தங்குலை_மார்த்தாண்டம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம் முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளை, கடை என்று போய்விட்டது. இப்போது மகன் ஸ்கூலுக்குப் போன பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். வீடியோவில் சார் எழுதும்போது எல்லாம் புரிகிறது, அட இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. வீடியோவை நிறுத்திவிட்டு நானே எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் கை ஓடவில்லை.

சரி, சும்மா பயிற்சிக் கணக்குப் போடுவதற்குப் பதில் எங்கள் கடைக்கே ஒன்று எழுதுவோம் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை மொத்தமாக விற்கிறார். கிலோ 50 ரூபாய் என்று வையுங்கள். 10 கிலோவும் அதற்கு மேலும் எடுத்தால் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு, 50 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 5 ரூபாய் குறைவு. ஆட்கள் வர வர கிலோவைப் போட வேண்டும், 0 போட்டால் நிற்க வேண்டும். நான் எழுதியது கீழே. (போனிலிருந்து தட்டச்சு செய்கிறேன், தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது, அதனால் புரோகிராமும் தமிழிலேயே வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இஃப் என்றால் நிபந்தனை சரியா என்று பார்ப்பது, வைல் என்றால் நிபந்தனை சரியாக இருக்கும் வரை திரும்பத் திரும்பச் சுற்றுவது.)

விலை = 50
கிலோ = இன்ட்(இன்புட்("எத்தனை கிலோ? "))
வைல் கிலோ != 0:
    இஃப் கிலோ >= 10:
        விலை = விலை - 2
    இஃப் கிலோ >= 50:
        விலை = விலை - 5
    பிரின்ட்(கிலோ * விலை)

60 கிலோ என்று கொடுத்தேன். 2700 வர வேண்டும். வந்தது 2580. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, 2160, 1740, 1320, 900, 480, 60, அப்புறம் -360 என்று திரை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "இப்பிடியே விட்டா குலையையும் கொடுத்து காசையும் நாமளே கொடுக்கணும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று, ஒரு வாரத்து வசூலைக் கூட்ட, எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 7) என்று போட்டேன், ஆறு நாளோடு நின்றுவிட்டது. எனக்கு மண்டையில் ஏறவில்லையா, இல்லை எல்லாருக்கும் முதலில் இப்படித்தானா?


வடசேரி_சாயா:

எல்லாருக்கும் இப்படித்தான். உங்கள் வைலுக்குள் கிலோவை மாற்றுகிற வரியே இல்லை. வெளியே ஒரு தடவை 60 வாங்கினீர்கள், உள்ளே போன பிறகு யாரும் மறுபடி கேட்கவில்லை, 60 எப்போதும் 0 ஆகப்போவதில்லை, அதனால் ஓடுகிறது. பிரின்ட்டுக்குக் கீழே, இடது பக்கம் அதே அளவு இடம் தள்ளி, அந்த இன்புட் வரியை இன்னொரு முறை எழுதுங்கள். இனி இப்படி மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், சி இரண்டு விசையையும் சேர்த்து அழுத்துங்கள், நின்றுவிடும்.

2580 வந்தது ஏனென்றால் இரண்டு இஃப்பும் தனித்தனி. 60 என்பது 10க்கும் மேல், 50க்கும் மேல், அதனால் 2ம் போய் 5ம் போய் 43 ஆகிவிட்டது. இரண்டாவதை எலிஃப் ஆக்குங்கள், மேலே உள்ள இஃப் பொய்யானால் மட்டும்தான் அதைப் பார்க்கும். ஆனால் 50ஐ முதலில் கேட்க வேண்டும், இல்லையென்றால் 60 கிலோக்காரர் 10 என்ற வாசலிலேயே உள்ளே போய் 48 ரூபாய் விலையில் 2880 கொடுத்துவிட்டுப் போவார், 50 என்ற வாசலுக்கு வரவே மாட்டார்.

ரேஞ்சில் கடைசி எண் சேராது. ஏழு நாள் வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 8).


குலசேகரம்_ரப்பர்:

அக்கா, சாயா அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் உங்கள் உண்மையான கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தால் புரிகிறது, எழுதத்தான் வரவில்லை என்கிறீர்கள். எனக்கும் பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டர் முழுக்க இதே கதைதான். அது தீர்ந்தது வகுப்பில் இல்லை, அப்பாவோடு பால் வெட்டப் போன ஒரு லீவு நாளில்.

எங்களுக்கு 300 ரப்பர் மரம். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பா முதல் மரத்திலிருந்து கிளம்புவார். ஒவ்வொரு மரத்திலும் வேலை ஒன்றுதான், காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் போடு, பட்டையில் கத்தி வை, சிரட்டையைச் சரி செய், அடுத்த மரம். இதுதான் ஃபார் லூப், 1 முதல் 300 வரை, சாயா அண்ணன் சொன்ன மாதிரி ரேஞ்ச்(1, 301). நடுவில் ஒரு மரம் பட்டை காய்ந்து பால் வராமல் நிற்கும், அதைத் தொடாமல் அடுத்த மரத்துக்குப் போவார். அது கன்டினியூ. 140வது மரத்தில் நிற்கும்போது மழை பிடித்துவிட்டது என்று வையுங்கள், அதற்கு மேல் வெட்டினால் பால் பட்டையெல்லாம் பரவி, சிரட்டையில் தண்ணீர்தான் இருக்கும், அதனால் கத்தியை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அது பிரேக். கன்டினியூவும் பிரேக்கும் ஒன்று மாதிரி இருக்கிறதே என்று நான் பரீட்சையில் குழம்பியிருக்கிறேன். ஒரு மரத்தை விடுவதும் அன்றைக்கு வேலையையே விடுவதும் ஒன்றா என்று அப்பாவிடம் கேட்டால் கத்தியாலேயே ஒரு போடு போடுவார்.

மழைத் தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரத்தைத் தூறலிலும் வெட்டலாம். அப்போது மழை என்ற இஃப்புக்குள்ளே இன்னொரு இஃப் வருகிறது. தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்று ஒரு பாதி நாளை மறு பாதி என்று வெட்டுவார்கள், மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும், அது இஃப் நாள் % 2 == 0, அதாவது நாள் இரட்டை எண்ணானால் ஒரு பாதி, இல்லையென்றால் எல்ஸ்.

இப்போது முக்கியமான இடம். வெட்டி முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பால் எடுக்கப் போவார்கள் இல்லையா, அதே 300 மரம், அது இன்னொரு லூப். முதல் லூப் முடிந்த பிறகு, வெளியே, தனியாக. நான் லேபில் எழுதியபோது இரண்டாவது லூப்பை முதல் லூப்புக்குள் தள்ளி எழுதிவிட்டேன். நாலு ஸ்பேஸ்தானே என்று நினைத்தேன். அப்படியானால் ஒரு மரத்தை வெட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, 300 மரத்துக்கும் பால் எடுக்கப் போய், திரும்பி வந்து இரண்டாவது மரத்தை வெட்ட வேண்டும். காத்திருக்கிற நேரம் மட்டுமே 600 மணி, அதாவது 25 நாள். பைத்தானில் அந்த நாலு ஸ்பேஸ் அலங்காரம் இல்லை, எது எதற்குள் இருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது.

அதனால் கீபோர்டைத் தொடும் முன்னே, வீட்டுக்காரர் கடையில் என்ன செய்கிறார் என்று அவர் கையைப் பார்த்துக்கொண்டே தமிழில் எழுதுங்கள். ஆள் வருகிறார், எடை போடுகிறார், எடையைப் பார்த்து விலை சொல்கிறார், காசு வாங்குகிறார், அடுத்த ஆளைப் பார்க்கிறார். அந்த "அடுத்த ஆளைப் பார்க்கிறார்" என்பதைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.


தோவாளைப்_பூ:

ரப்பர் கதை கொள்ளாம். ஆனால் எனக்கு இந்த உவமைகளில் பாதி நம்பிக்கைதான் உண்டு தம்பி. உங்கள் அப்பாவுக்கு மழை வருவது தானாகத் தெரியும், முதுகில் சொட்டு விழுந்தால் போதும். கம்ப்யூட்டருக்கு முதுகே கிடையாது. வைலில் இருக்கும் நிபந்தனையை அது எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது ஒரு தடவை பார்க்கும், அவ்வளவுதான். சுற்றின் நடுவில் நிபந்தனை பொய்யாகிப் போனாலும் மீதி வரிகளை முடித்துவிட்டுத்தான் மறுபடி தலையைத் தூக்கிப் பார்க்கும். அக்கா, இன்புட் வரியைப் பிரின்ட்டுக்கு மேலே போட்டுப் பாருங்கள், முதலில் வந்தவரின் விலையில் அடுத்தவரின் கிலோவைப் பெருக்கும், 0 போட்ட பிறகும் ஒரு 0 அச்சாகித்தான் நிற்கும். வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று வருத்தப்படவும் வேண்டாம். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் ஸூன் என்ற பாட்டுக் கருவியில் 30 ஜிபி மாடல்கள் ஒரே நாளில் உறைந்து போயின. காரணம் ஒரு வைலும் இரண்டு இஃப்பும். நாட்களின் எண்ணிக்கை 365க்கு மேல் இருக்கும் வரை சுற்ற வேண்டும், லீப் வருஷமாக இருந்து நாட்கள் 366க்கும் மேல் இருந்தால் 366ஐக் கழித்து வருஷத்தை ஒன்று கூட்ட வேண்டும், லீப் இல்லையென்றால் 365ஐக் கழிக்க வேண்டும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. 2008 லீப் வருஷம், டிசம்பர் 31 அதன் 366வது நாள். 366 என்பது 365க்கு மேல், அதனால் உள்ளே போனது. லீப்தான், ஆனால் 366க்கு மேல் இல்லை, அதனால் எதுவும் கழியவில்லை. திரும்ப மேலே போனது, இன்னும் 366. உங்கள் 60 கிலோ கதையேதான். பாட்டரி தீரும் வரை விட்டு, மறுநாள் சார்ஜ் போட்டால் சரியாகும் என்று கம்பெனியே சொல்ல வேண்டியிருந்தது.


தக்கலை_டீச்சர்:

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறவள். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், இரண்டிலும் வருஷா வருஷம் இதே இடத்தில்தான் வண்டி நிற்கும். அதில் ஒரு காரணம் நம் தமிழே என்று எனக்கு ஒரு எண்ணம்.

வைல் என்றால் "வரை" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். நம் "வரை" இரண்டு பக்கமும் வெட்டும். "வெளிச்சம் இருக்கும் வரை பூக்கட்டு" என்றால் வெளிச்சம் இருக்கிறபோதெல்லாம் கட்டு. "பஸ் வரும் வரை பூக்கட்டு" என்றால் பஸ் வராதபோதெல்லாம் கட்டு. முதலாவது அப்படியே வைல். இரண்டாவதைத் தலைகீழாக்கி "பஸ் வராமல் இருக்கும் வரை" என்று எழுதினால்தான் வைல். 0 போடும் வரை ஓட வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டு வைல் கிலோ == 0 (கிலோ 0க்குச் சமமானால்) என்று எழுதுகிற பிள்ளைகள் என் வகுப்பில் பாதிக்குமேல், புரோகிராம் ஒரு தடவைகூட உள்ளே போகாமல் முடிந்துவிடும், டீச்சர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள். நீங்கள் != (சமமில்லை) போட்டிருக்கிறீர்கள் மக்களே, அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் மண்டையில் ஏறவில்லை என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள்.

ரப்பர் தம்பி தமிழில் எழுதச் சொன்னது முதல் பாதி. இரண்டாவது பாதி, எழுதிய பிறகு நீங்களே கம்ப்யூட்டராக உட்காருவது. ஒரு தாளில் கிலோ, விலை, அச்சானது என்று மூன்று கோடு இழுத்து, ஒரு வரி ஓடினால் ஒரு மாற்றம் எழுதுங்கள். நல்லெண்ணம் கூடாது, நீங்கள் நினைத்ததை எழுதக்கூடாது, வரியில் இருக்கிறதை மட்டும். பத்து நிமிஷம் எரிச்சலாக இருக்கும். என் பிள்ளைகள் இதைத்தான் தட்டிக்கழிப்பார்கள், அதற்குத்தான் நான் மார்க்கும் வைத்திருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க 60 மட்டும் போதாது. 9, 10, 49, 50 இந்த நாலையும் கொடுங்கள், தப்பு எப்போதும் வரப்பில்தான் ஒளிந்திருக்கும். இதே பழக்கத்துக்கு லீப் வருஷம் ஒன்று எழுதிப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956ஐக் கொடுத்தால் லீப் என்று வர வேண்டும், 1900க்கு வரக்கூடாது, 2000க்கு வர வேண்டும். 400ஆல் வகுபடுமா என்பதை முதலில், பிறகு 100, பிறகு 4. வரிசையை மாற்றினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள், சாயா சொன்ன வாசல் கதை அங்கேயும் வரும்.


ஏத்தங்குலை_மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகன் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். எலிஃப் போட்டேன், 50ஐ மேலே கொண்டுவந்தேன், இன்புட்டைக் கடைசியில் போட்டேன். நின்றது! 60 கிலோவுக்கு 2700. வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். சரி, அடுத்த ஆள் 12 கிலோ போடு என்றார். 576 வர வேண்டும், 516 வந்தது. மூன்றாவது ஆள் 5 கிலோ, குறைப்பே கிடையாது, 250 வர வேண்டும், 215 வந்தது. ஆனால் புரோகிராமை மூடித் திறந்து 12 மட்டும் போட்டால் 576 சரியாக வருகிறது. இது என்ன பேய் வேலை?


வடசேரி_சாயா:

தாளை எடுங்கள் அக்கா. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


ஏத்தங்குலை_மார்த்தாண்டம்:

எடுத்தேன். மூன்று கோடு இழுத்து எழுதினேன். முதல் ஆள் போனதும் விலை 45 என்று நிற்கிறது. இரண்டாவது ஆள் வரும்போது அதை யாருமே 50க்குத் திருப்பவில்லை! 45லிருந்து 2 கழிந்து 43, 12 கிலோவுக்கு 516. அடுத்த ஆளுக்கும் அதே 43, அதனால் 215. விலை = 50 என்ற வரியை வைலுக்குள்ளே, இஃப்புக்கு மேலே கொண்டுபோனேன், சரியாகிவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து 95 ரூபாய் போயிருக்கும்.

உற்சாகத்தில் அன்றைய மொத்தத்தையும் காட்டலாம் என்று மொத்தம் = 0 என்று ஒரு வரியையும் அதே இடத்தில், விலைக்குக் கீழே வைத்தேன். 3526 வர வேண்டிய இடத்தில் 250 என்று காட்டுகிறது. இதற்கும் தாளில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு ஆள் வரும்போதும் கல்லாவைக் காலி பண்ணுகிறேன். அப்படியானால் விலை உள்ளே, மொத்தம் வெளியே. ஒன்று உள்ளே இருக்க வேண்டும் இன்னொன்று வெளியே இருக்க வேண்டும் என்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?


தக்கலை_டீச்சர்:

நீங்களே சொல்லிவிட்டீர்களே, கல்லா என்று. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டியது உள்ளே, ஆளுக்கு ஆள் சேர்ந்துகொண்டே போக வேண்டியது வெளியே. எங்கே வைப்பது என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆள் வரும்போது இதில் என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஆளை வைத்துச் சோதித்தால் இந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது, வீட்டுக்காரர் இரண்டாவது ஆளைப் போடச் சொன்னாரே, அவருக்கு நல்ல டெஸ்டர் புத்தி.

அடுத்து மட்டி வாழைக்கும் ஏத்தனுக்கும் ஒரே சலுகை கொடுக்கப் போவீர்கள் என்றால் இப்போதே ஒன்று சொல்லிவைக்கிறேன். இஃப் ரகம் == "மட்டி" ஆர் "ஏத்தன்" என்று எழுதாதீர்கள். நம் பேச்சில் சரி, பைத்தானில் ஆர் (அல்லது) என்பதற்குப் பிறகு வெறும் சொல் நின்றால் அது உண்மை என்று எடுத்துக்கொள்ளும், செவ்வாழைக்கும் சலுகை போய்விடும். ரகம் == என்பதை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.


குலசேகரம்_ரப்பர்:

செவ்வாழைக்குச் சலுகை கொடுத்தால் முதல் ஆளாக நான் வருவேன் அக்கா.


ஏத்தங்குலை_மார்த்தாண்டம்:

வாருங்கள் தம்பி, 0 போட்டுப் பூட்டிவிடுகிறேன். இன்னொரு சின்ன சந்தேகம். இன்று காலையில் கடையில் வைத்து உண்மையான ஆளுக்கே ஓட்டிப் பார்த்தோம். குலைத்தண்டுக் கழிவு போக 12.5 கிலோ. 12.5 என்று அடித்ததும் சிவப்பில் நாலு வரி வந்து செத்துவிட்டது. காலையிலிருந்து வந்த மொத்தமும் அதோடு போச்சு, வீட்டுக்காரர் மறுபடி நோட்டை எடுத்துவிட்டார்.


வடசேரி_சாயா:

இன்ட் இருக்கிற இரண்டு இடத்திலும் ஃப்ளோட் என்று மாற்றுங்கள், இன்ட் முழு எண்ணை மட்டும்தான் வாங்கும். மேலே ஒன்று, வைலுக்குள் கடைசியில் ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவது ஆளுக்கு மறுபடி சாகிறது என்று வராதீர்கள். நோட்டு ஒரு வாரம் பக்கத்திலேயே இருக்கட்டும்.